லாரிக்குக் கட்டுவது வேறு, வருடக்கணக்கில் வைக்கக் கட்டுவது வேறு

வெளியூர் வேலை, வீட்டை இடித்துக் கட்டுவது, பெரியவர்கள் இருந்த வீட்டைக் காலி செய்வது என்று ஏதோ ஒரு காரணத்தால் ஒரு வீட்டுச் சாமானை இரண்டு மூன்று வருடம் எங்காவது போட்டு வைத்தாக வேண்டியிருக்கும். பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: வீடு மாற்றித் தருபவர்களைக் கூப்பிடுவது. அவர்கள் வந்து எல்லாவற்றையும் பபிள் ராப்பில் சுற்றி, அதன்மேல் ஸ்ட்ரெச் ஃபிலிமை இறுக்கி, கிடங்கில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கட்டு லாரியில் போகும் ஓரிரு நாளுக்கானது. குலுங்கல், உரசல், இடி மூன்றையும் நன்றாகவே தாங்கும். ஆனால் கிடங்கில் சாமானை யாரும் குலுக்குவதில்லை. அங்கே அதைக் கெடுப்பவை ஈரம், பூச்சி, சாமானின் சொந்த எடை, பொருளுக்குள்ளேயே நடக்கும் ரசாயன மாற்றம். இந்த நான்கில் முதல் இரண்டுக்கு அந்த பிளாஸ்டிக் சுற்று துணைபோகவும் செய்யும். ஆகவே கிடங்கு போய்ச் சேர்ந்ததும் லாரிக் கட்டைப் பிரித்து, வைப்புக்கான கட்டாக மாற்ற வேண்டும். கூலி கொஞ்சம் கூடும். செய்தே தீர வேண்டிய வேலை.

அதற்கு முன்னால் ஒரு கணக்கு. வைத்துக்கொள்ளத் தகுந்தது எது என்பதை ஆசையைக் கொண்டு முடிவு செய்யாமல் கன அளவைக் கொண்டு முடிவு செய்யலாம். 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 0.85 மீட்டர் உயரமுள்ள சோபா சுமார் 1.5 கன மீட்டர் பிடிக்கும். எடுக்கும் இடம் 15 கன மீட்டர் என்றால் வாடகையில் பத்தில் ஒரு பங்கு அந்தச் சோபாவுடையது. அந்தப் பங்கை வைக்கப்போகும் மாதங்களால் பெருக்கி, சோபாவை இன்று விற்றால் என்ன கிடைக்கும், திரும்பி வந்து அதேபோல் ஒன்று வாங்க என்ன ஆகும் என்ற இரண்டு தொகைகளோடும் ஒப்பிட்டால் பதில் தானாக வந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கில் முதலில் தோற்பவை விலைகுறைந்த ஃபோம் மெத்தை, மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு அலமாரி, பழைய சோபா. ஜெயிப்பவை கெட்டி மரச் சாமான், நல்ல பாத்திரம், புத்தகம், கருவிகள்.

மீதமானவற்றை இதேபோல் அளந்து கூட்டிக்கொள்ளுங்கள். 60 × 65 × 170 சென்டிமீட்டர் பிரிட்ஜ் 0.66 கன மீட்டர். கூட்டிவந்த மொத்தத்தை அப்படியே அறை அளவாக எடுத்துக்கொண்டால் இடம் போதாது. நாற்காலியும் மேசையும் இடுக்கில்லாமல் அடுக்கப்படுவதில்லை. நடுவே ஆள் நுழைய 60 சென்டிமீட்டர் பாதை வேண்டும். அறையின் கன அளவில் அறுபது சதவீதம்தான் உண்மையில் சாமானுக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

எரிவாயு சிலிண்டர், பெட்ரோல், பெயின்ட், தின்னர், பட்டாசு எதையும் எந்தக் கிடங்கும் ஏற்காது, ஏற்கவும் கூடாது. உணவுப் பொருள் ஒரு பொட்டலம்கூடப் போகக் கூடாது. எலிக்கு அழைப்பிதழ் அது ஒன்றே போதும். பத்திரம், சான்றிதழ், நகை மூன்றும் கிடங்குக்கானவை அல்ல.

ஈரம் எங்கிருந்து வருகிறது

காற்றின் ஒப்பு ஈரப்பதம் எழுபது சதவீதத்துக்கு மேல் பல நாட்கள் நின்றால் துணியிலும் மரத்திலும் தோலிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். 45 முதல் 55 வரை இருந்தால் எல்லாச் சாமானும் நிம்மதியாக இருக்கும். இதைச் சொன்னதும் கடைக்குப் போய்ச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வாங்கி அறை முழுக்கத் தொங்கவிடுகிறார்கள். அது ஏன் வீண் என்று பார்த்துவிடலாம்.

30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 கன மீட்டர் அறையில் அப்படிப் பார்த்தால் அறுநூறு கிராம். ஆனால் 60 கிலோ எடையுள்ள ஒரு மர பீரோவில், மரம் 12 சதவீத ஈரத்தோடு இருந்தால், ஆறு கிலோவுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. அறையின் ஈரக் கணக்கை நடத்துவது சாமான்தான், காற்று இல்லை. கதவிடுக்கு வழியாக வெளிக்காற்றும் ஓயாமல் வந்து போகும். இந்த இரண்டோடு கால் கிலோ சிலிக்கா ஜெல் போட்டியிட முடியாது.

மூடிய பெட்டிக்குள் கதையே வேறு, ஆனால் அங்கும் அளவு தெரிய வேண்டும். பத்து கிலோ பருத்தித் துணி 65 சதவீத ஈரப்பதத்தில் இருந்து வந்ததென்றால் அதற்குள் முக்கால் கிலோ தண்ணீர் இருக்கும். அதை ஐம்பது சதவீத நிலைக்குக் கொண்டுவர 150 கிராமை இழுத்தாக வேண்டும். சிலிக்கா ஜெல் அந்த நிலையில் தன் எடையில் சுமார் கால் பங்குதான் பிடித்துவைக்கும். அதாவது ஒரே பெட்டிக்கு அறுநூறு கிராம் ஜெல். செருப்புப் பெட்டியில் வரும் ஐந்து கிராம் பொட்டலம் அங்கே ஒப்புக்குத்தான். துணியை வறண்ட நாளில் நன்றாக உலர்த்தி, சூடு ஆறியதும் தாமதிக்காமல் பெட்டியில் போட்டு மூடுவது அந்த அறுநூறு கிராம் ஜெல் செய்யும் வேலையைக் காசில்லாமல் செய்துவிடும். ஜெல்லை கேமரா, லென்ஸ், கைக்கருவி போன்று தாமே ஈரம் வைத்திராத பொருள்களின் பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஐம்பது கிராமே நன்றாக வேலை செய்யும். கால்சியம் குளோரைடு டப்பாக்கள் ஜெல்லைவிடப் பலமடங்கு ஈரம் உறிஞ்சும் என்பது உண்மை. உறிஞ்சிய பிறகு அது உப்புக் கரைசலாகத் தேங்கும். நிரம்பிக் கவிழ்ந்தால் இரும்பையும் தோலையும் அரித்துவிடும். மாதம் ஒருமுறை வந்து பார்க்க ஆள் இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது கண் போக வேண்டிய இடம் கூரையும் சுவரும். 30 டிகிரி, எழுபது சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 24 டிகிரிப் பரப்பைத் தொட்டால் நீர்த்துளியாகிவிடும். தகரக் கூரை இரவில் அந்த அளவுக்குக் குளிர்வது சர்வசாதாரணம். விடியற்காலையில் கூரையின் உட்புறம் வியர்த்துச் சொட்டும், பகலில் காய்ந்துவிடும். பகலில் இடம் பார்க்கப் போகிறவருக்குக் கூரையில் ஒரு குறையும் தெரியாது. துளி விழுந்து விழுந்து காய்ந்த வட்டக் கறை தரையிலோ, அங்கே ஏற்கெனவே இருக்கும் பெட்டிகளின் மேலோ தெரிகிறதா என்று பாருங்கள். கான்கிரீட் கூரை, நடு மாடி, வெளிச்சுவரில் ஒட்டாத அறை கிடைத்தால் அதுவே சிறந்தது. அடித்தளமும் தரைத்தளமும் வெள்ள அபாயம். மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறை வெப்பத்தால் பசையையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். கதவின் அடியிடுக்கு ஆறு மில்லிமீட்டர் இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும். பென்சில் அந்த இடுக்கில் நுழைகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

மரமும் துணியும்

கட்டில், மேசை, பீரோ எதுவானாலும் கழற்றக் கூடியதைக் கழற்றுங்கள். திருகுகளையும் போல்ட்டுகளையும் ஒரு ஜிப் பையில் போட்டு, பையை அந்தச் சட்டத்திலேயே கயிற்றால் கட்டிவிடுங்கள். டேப் போட்டு ஒட்டினால் ஒரு வருடத்தில் பசை பாலிஷில் ஊறிப்போகும். கழற்றும் முன் ஒவ்வொரு மூட்டையும் போனில் படமெடுத்து, மூட்டின் இரு பக்கமும் ஒரே எண்ணைச் சாக்கட்டியால் எழுதிக்கொண்டால் மறுபடி பூட்டும்போது தச்சர் தேட வேண்டியதில்லை. பார்ட்டிக்கிள் போர்டு மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதில் திருகுத் துளை ஒவ்வொரு முறையும் தளரும். ஏற்கெனவே ஒருமுறை கழற்றிப் பூட்டியதென்றால் முழுதாகவே வையுங்கள், அல்லது விற்றுவிடுங்கள். ஒருமுறை ஈரம் குடித்து உப்பிய பார்ட்டிக்கிள் போர்டு காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது.

பாலிஷ் போட்ட மரத்தின்மேல் பபிள் ராப்பை நேராகச் சுற்றி வருடக்கணக்கில் விட்டால் குமிழ்களின் வட்டம் வட்டமான தடம் பாலிஷில் பதிந்துவிடும். தேய்த்தாலும் போகாது, மறுபாலிஷ்தான். முதலில் பழைய பருத்தி வேட்டியோ படுக்கை விரிப்போ சுற்றி, அதன்மேல் கயிறு கட்டினால் போதும். மரத்துக்குத் தூசியிலிருந்து மறைப்பு வேண்டும், மூச்சும் வேண்டும். கட்டும் முன் அடிப்பாகத்தையும் பின்பலகையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசிமுனைத் துளைகளும் அதன்கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. மருந்தடிக்காமல் உள்ளே விட்டால் ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பரவ வாய்ப்புண்டு. கரையானுக்கு எதிரான நல்ல ஏற்பாடு இடைவெளிதான்: தரையிலிருந்து பத்து சென்டிமீட்டர், சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர். அப்போது அது ஏறும் மண்பாதை கண்ணுக்குத் தெரியும்.

துணியில் கஞ்சி இருக்கவே கூடாது. இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. கடைசியாகத் துவைக்கும்போது கஞ்சியும் மணமூட்டியும் போடாமல், இரண்டு முறை அலசி, இஸ்திரி போடாமல் மடியுங்கள். போட்டுவிட்டுக் கழற்றிய துணியை ஒருபோதும் வைக்காதீர்கள். இன்று கண்ணுக்குத் தெரியாத வியர்வையும் எண்ணெயும் ஒரு வருடத்தில் மஞ்சள் கறையாக வந்து நிற்கும். சரிகை வைத்த பட்டைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் மல் துணியில் சுற்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் மடிக்காமல் ஒரு அட்டைக் குழலில் சுருட்டி வைக்கலாம். கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. சந்தேகம் இருந்தால் கம்பளியைக் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்து எடுத்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் துணியெங்கும் பனித்துளிதான்.

பாச்சை உருண்டையைத் திறந்த அறையில் நான்கு மூலையில் போடுவதால் பூச்சி போகாது, மணம்தான் வரும். மூடிய பெட்டிக்குள் ஆவி நிறைந்தால்தான் அது வேலை செய்யும். அப்போதும் துணியில் படாமல், சின்னத் துணிப்பையில் கட்டி மேலே வைக்க வேண்டும். சிலவகைப் பிளாஸ்டிக் பொத்தான்களை அது இளக்கிவிடும். கைக்குழந்தை உள்ள வீடு என்றால் நாப்தலின் உருண்டையே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த மணம் ஏறிய துணியே ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

செருப்பு, ஷூவில் ஒரு விநோதம் உண்டு. பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து தானாகச் சிதையும். போட்டு நடந்துகொண்டே இருந்தால் நெடுநாள் உழைக்கும் ஷூ, பெட்டியில் பூட்டியே வைத்தால் சில வருடத்தில் கேக் போல உதிர்ந்துவிடும். பளபளக்கும் செயற்கைத்தோல் பையும் சோபா உறையும் உரிந்து போவதும் இதனால்தான். எவ்வளவு பத்திரமாகக் கட்டினாலும் இதைத் தடுக்க முடியாது. போட்டுத் தேய்த்துவிடுங்கள், அல்லது கொடுத்துவிடுங்கள்.

மெத்தையைப் படுக்கை வசமாக, மேலே எதுவும் ஏற்றாமல் வையுங்கள். நிறுத்தி வைத்தால் உள்ளே உள்ள அடுக்குகள் சரிந்து ஒருபக்கம் தடிக்கும். காற்றை உறிஞ்சிச் சுருக்கும் வேக்குவம் பை லாரிக்கு வசதி. ஃபோமும் இறகும் மாதக்கணக்கில் அதில் கிடந்தால் பழைய உப்பலுக்குத் திரும்புவது கடினம்.

மின்சாதனங்கள்

பிரிட்ஜைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே அணைத்து, பனி முழுக்க உருகவிட்டு, சோப்பு நீரால் துடைத்து, கதவைத் திறந்தபடி இரண்டு நாள் காயவிட வேண்டும். எல்லோரும் மறப்பது பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் சின்னத் தட்டை. உருகிய நீர் அதில்தான் வந்து தேங்கும். அதைக் கொட்டாமல் மூடி வைத்த பிரிட்ஜைத் திறந்தால் வரும் நாற்றத்துக்கு எந்தச் சோடா உப்பும் பரிகாரம் அல்ல. வைக்கும்போது கதவிடுக்கில் சுருட்டிய துணியைச் செருகி ஐந்து சென்டிமீட்டர் திறந்திருக்கும்படி பட்டையால் கட்டுங்கள். அதற்குமேல் திறக்க முடியாதபடி கட்டுவது குழந்தைகள் உள்ளே ஏறிவிடாமல் இருக்க. நிமிர்த்தியே வையுங்கள்.

முன்கதவு வாஷிங் மெஷினில் அடியில் இருக்கும் வடிகட்டி மூடியைத் திறந்தால் அரை லிட்டராவது தண்ணீர் வரும். அதை வடித்து, குழாய்களைக் கழற்றித் தொங்கவிட்டுக் காயவைத்து, ரப்பர் வளையத்தின் மடிப்புகளைத் துடையுங்கள். டிரம் ஆடாமல் பிடித்துவைக்க வாங்கும்போது வந்த டிரான்ஸிட் போல்ட் இருந்தால் லாரிக்கு முன் மாட்டுங்கள். இல்லாமல் போனால் டிரம்மைத் தாங்கும் ஸ்பிரிங்குகள் வழியிலேயே கெட்டுப்போகும். ஸ்பிளிட் ஏசியைக் கழற்றும் முன் இரண்டு மணி நேரம் காற்றை மட்டும் ஓடவிட்டு உட்புறக் காயிலைக் காயவையுங்கள். பிறகு மெக்கானிக் பம்ப் டவுன் செய்து வாயுவை வெளிப்புற யூனிட்டில் அடைத்து, செம்புக் குழாய் முனைகளை மூட வேண்டும். மூடாமல் விட்ட குழாயில் ஈரமும் பூச்சிக் கூடும் சேரும்.

பேட்டரிகள் தனிக் கதை. ரிமோட், கடிகாரம், பொம்மை எல்லாவற்றிலிருந்தும் செல்களை எடுத்துவிடுங்கள். கசிந்த காரம் தொடுமுனைகளைத் தின்றுவிடும். லித்தியம் பேட்டரியை நிறைத்தும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது. ஐம்பது சதவீதச் சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இன்வெர்ட்டரின் ஈய அமில பேட்டரி இதற்கு நேர்மாறு. முழுச் சார்ஜில் இல்லாவிட்டால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்ற யாரும் இல்லையென்றால் விற்பதே லாபம்.

படங்கள் உள்ள ஹார்டு டிஸ்க்கைக் கிடங்கில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் இப்போது வரும், சுழலும் தட்டில்லாமல் சிப்பில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் அப்படித்தான்: தன் எழுதும் ஆயுளை முடித்த எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தரவைக் காத்தால் போதும் என்பதுதான் அந்தத் தொழிலின் தரநிர்ணயம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை உடன் கொண்டுபோங்கள்.

பாத்திரங்களில் பெரிய ரகசியம் ஏதும் இல்லை. குக்கரின் ரப்பர் வளையத்தைக் கழற்றி வையுங்கள். வார்ப்பிரும்புக்குச் சமையல் எண்ணெய் தடவினால் பிசினாகிவிடும், உணவுத்தர மினரல் எண்ணெயை மெல்லப் பூசுங்கள்.

பெட்டியும் அடுக்கும்

அட்டைப்பெட்டியின் மேல் எழுதியிருக்கும் தாங்கும் எடை புதிய, வறண்ட பெட்டிக்கு, கொஞ்ச நேரத்துக்கானது. காற்றில் ஈரம் தொண்ணூறு சதவீதம் ஆனால் அட்டையின் பலம் ஏறக்குறைய பாதியாகும். மாதக்கணக்கில் சுமை நின்றால் அதுவே தனியாக இன்னும் இறக்கும். அதனால்தான் முதல் நாள் கம்பீரமாக நின்ற ஆறடுக்கு, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஒருபக்கம் சாய்ந்து கிடக்கிறது. கனமானவற்றுக்கு ஐந்து ப்ளை பெட்டி, ஒரு பெட்டியில் பதினைந்து கிலோவுக்கு மிகாமல், மூன்றடுக்குக்கு மேல் ஏற்றாமல், முடிந்தால் இரும்பு அலமாரியில். பெட்டியைக் காலி இடமில்லாமல் நிரப்புங்கள். பாதி நிரம்பிய பெட்டியே முதலில் நசுங்கும். புத்தகங்களை நட்டமாகவோ படுக்கையாகவோ வைக்கலாம், சாய்வாக வேண்டாம். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய எதையும் அப்படியே வைக்காதீர்கள், இளகி ஒட்டிக்கொள்ளும்.

தரையில் முதலில் கெட்டி பாலித்தீன் விரிப்பு, அதன்மேல் மரப் பேலட் (இடைவெளி விட்டு அடித்த பலகைத் தட்டு), அதன்மேல் சாமான். பாலித்தீன் கான்கிரீட்டின் ஈரத்தை மறிக்கும், பேலட் காற்றை ஓடவிடும். கனமானவை அடியில், பின்சுவர்ப் பக்கம். துணிப்பெட்டி, பேட்டரி, பட்டு என அடிக்கடி பார்க்க வேண்டியவை கதவுக்கு அருகே. மேலே நீர்த்தெளிப்பான் இருந்தால் அதன்கீழே 45 சென்டிமீட்டர் காலியாக விடுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் எண், இரண்டு பக்கத்தில். பெட்டியின்மேல் உள்ளே இருப்பதை எழுதுவதைவிட எண்ணை மட்டும் எழுதிப் பட்டியலை உங்களிடம் வைத்துக்கொள்வது திருடனுக்கு வேலை வைக்கும்.

ஒப்பந்தத்தில் படிக்க வேண்டிய வரிகள் ஐந்தாறுதான். உங்களிடம் கேட்காமல் வேறு கிடங்குக்கு மாற்றும் உரிமை அவர்களுக்கு உண்டா? ஒவ்வொரு முறை வந்து பார்ப்பதற்கும் கட்டணமா? வாடகை நின்றால் எத்தனை நாளில் சாமானை ஏலம் விடலாம், அறிவிப்பு எந்த முகவரிக்கு வரும்? வெளியூர் போனவரின் பழைய முகவரிக்கு அறிவிப்பு போய், காலாவதியான கார்டால் வாடகை நின்று, சாமான் ஏலத்துக்குப் போவது இந்தத் தொழிலில் புதிதல்ல. உள்ளூரில் ஒருவரைக் கையொப்ப உரிமையோடு இரண்டாவது பெயராகச் சேருங்கள். ஏற்றும்போது அவர்கள் எழுதும் பட்டியலில் 'கீறல் உண்டு' என்று பொதுவாகப் போட்டால் கையெழுத்திடும் முன் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று எழுத வையுங்கள்.

காப்பீடு பெரும்பாலும் தீ, திருட்டு, வெள்ளம் வரைதான். பூஞ்சை, பூச்சி, மெதுவான சிதைவு மூன்றும் பொதுவாக விலக்குப் பட்டியலில் இருக்கும், அதாவது மேலே சொன்ன பெரும்பாலானவை. மதிப்பைக் குறைத்துச் சொல்லிப் பிரீமியம் மிச்சம் பிடிப்பதும் ஆபத்து. உண்மை மதிப்பில் பாதிக்குக் காப்பீடு எடுத்திருந்தால், ஒரே ஒரு பீரோ எரிந்தாலும் அதன் மதிப்பில் பாதிதான் கைக்கு வரும்படி பல பாலிசிகள் எழுதப்பட்டிருக்கின்றன.

முதல் முறை போய்ப் பார்ப்பது ஒரு மாதத்துக்குள் இருக்கட்டும். தவறுதலாக ஈரத்தோடு போனது எதுவானாலும் அதற்குள் மணத்தில் தெரிந்துவிடும். பிறகு மழைக்காலத்துக்கு நடுவிலும் முடிவிலும். ஒரு சின்ன ஈரப்பதமானியை உள்ளே கண்ணில் படும் இடத்தில் தொங்கவிட்டால், அதிகபட்சத்தைக் காட்டும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது, ஆள் இல்லாத நாட்களின் கதையையும் அது சொல்லும்.

திரும்ப எடுக்கும் நாளில் எல்லாவற்றையும் நேராகப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாமல் வராந்தாவிலோ மாடியிலோ பிரித்து, மடிப்புகளையும் பின்பலகைகளையும் உதறிப் பாருங்கள். அட்டைப்பெட்டிகளை அன்றே வெளியேற்றுங்கள், கரப்பான் முட்டை அதன் மடிப்பில்தான் இருக்கும். பிரிட்ஜ் வழியில் படுத்து வந்திருந்தால் கம்ப்ரசர் எண்ணெய் இறங்க ஒரு நாள் நிமிர்ந்து நிற்க விட்டு அதன் பிறகே இணையுங்கள். வாஷிங் மெஷினில் டிரான்ஸிட் போல்ட்டைக் கழற்றிவிட்டு முதல் சுற்றைத் துணியில்லாமல் சுடுநீரில் ஓட்டுங்கள். போல்ட்டோடு ஓட்டினால் மெஷின் சமையலறையின் அந்தக் கோடிக்கு நடந்தே போய்விடும்.